வாளியில் ஏறிய மதியச் சாப்பாடு

கிரேன் ஏணியில் ஏறுகிறவனின் இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். எங்கள் வேலையில் இதை யாரும் மீறுவதில்லை. காலை ஆறரைக்கு நான் ஏறத் தொடங்கும்போது என் சாப்பாட்டுப் பை கீழே சிக்னல்காரனிடம் இருக்கும். அறுபது மீட்டர் உயரம். நடுவில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். மேலே போய்க் கண்ணாடிக் கூண்டின் கதவைச் சாத்திவிட்டால், கீழே கலவை இயந்திரம் சுற்றுவதும் கம்பி அறுப்பதும் வெறும் முணுமுணுப்பாகிவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கயிற்றை இறக்குவேன். அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. சிக்னல்காரன் அதில் பையை வைத்துக் கயிற்றை இரண்டு முறை சுண்டுவான். நான் இழுத்துக்கொள்வேன்.

பத்தொன்பது வருடங்களாக இப்படித்தான். கட்டடங்கள் மாறின, கிரேன்கள் மாறின, கூண்டு மாறவில்லை. நான் பேச்சு குறைந்தவன். ஒரு பாரத்தைத் தூக்கி முடித்து அடுத்தது வரும்வரை சில நாள் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைக்கும். சட்டைக்குள் செருகிக்கொண்டு போன மெல்லிய புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பேன். பிறகு படித்ததை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். இதற்காக மனிதர்கள் மலைக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குச் சம்பளமும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த இடம்தான் போகப் பார்த்தது.

வருடத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி அறை, அதற்குள் ஒரு மேசை, ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி. டாக்டரம்மா என் ரத்த அழுத்தத்தை மூன்று முறை அளந்தார். மூன்றாவது முறையும் மேலே 152, கீழே 94.

"உயரத்துல வேலை செய்யறவங்களுக்கு நூத்தி நாப்பது, தொண்ணூறுக்குள்ள இருக்கணும்" என்றார். "கம்பெனி விதி. நான் போட்டது இல்ல."

"போன வருஷம் சரியா இருந்துச்சே, டாக்டர்."

"போன வருஷம் நூத்தி முப்பத்தெட்டு. வாசல்ல நின்னுட்டு இருந்தீங்க. இப்ப உள்ள வந்து நாற்காலி போட்டு உக்காந்துட்டீங்க."

மாத்திரை தொடங்கினால் முதல் ஒரு மாதம் தரையில்தான் வேலை. தலைசுற்றல் வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஒரு மாதம் கூண்டில் வேறொருவர் உட்காருவார். உட்கார்ந்தவர் இறங்கியதாக நான் பார்த்ததில்லை. தரையில் எனக்குக் கிடைக்கப்போவது பொருள் பதிவு அறை. அங்கே ஏழு மேசைகள், நான்கு தொலைபேசிகள், ஓயாத சத்தம். நினைத்தாலே காது வலித்தது.

என் முகத்தை அவர் படித்திருக்க வேண்டும். "நூத்தி அறுபதுக்குக் கீழ இருக்கறதால எட்டு வாரம் அவகாசம் தர எனக்கு அனுமதி இருக்கு. சாப்பாட்ட மாத்திப் பாருங்க. அஞ்சாவது வாரம் ஒரு தடவ வந்து காட்டுங்க. நடுவுல தலைவலி, கண்ணு மங்கறதுன்னு எது வந்தாலும் அன்னிக்கே கீழ இறங்கிடணும். குறையலன்னா மாத்திரை, தரை. அப்ப முகத்த இப்படித் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

ஒரு காகிதத்தில் குழாய் ஒன்று வரைந்தார். "ரத்தக் குழாய்னா இரும்புக் குழாய் மாதிரி நினைச்சுக்காதீங்க. உள்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல் இருக்கு, வெங்காயத் தோலை விட மெல்லிசு. அதுதான் சுவரப் பாத்து 'தளர்ந்துக்கோ'ன்னு சொல்லும். வருஷக்கணக்கா நிறைவுற்ற கொழுப்பும், கெட்டியாக்கின எண்ணெயும், திரும்பத் திரும்பக் காயவெச்ச எண்ணெயும் போயிட்டே இருந்தா அந்த அடுக்கு மந்தமாயிடும். சொல்ல வேண்டியதச் சொல்லாது. சுவர் இறுகியே நிக்கும்."

"அப்புறம்?"

"மீன், கொட்டை வகை, திரவமா இருக்கற நல்ல எண்ணெய். அதுல இருக்கற நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள் அத எழுப்பிவிட உதவும். இன்னொண்ணத் தூக்கிட்டு அந்த இடத்துல இத வைக்கணும், கூடச் சேத்துக்கறது இல்ல. உப்பையும் பாதியாக்குங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். மந்திரமெல்லாம் இல்ல."

மாலையில் இறங்குவதற்கு முன் கிரேனின் கையைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்குவோம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நீண்ட கை தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டி வைத்த கிரேனைத்தான் காற்று சாய்க்கும். தளரவிட்டது நிற்கும். டாக்டரம்மா வரைந்த குழாய் எனக்கு அப்படித்தான் புரிந்தது. ஆனால் வீடு வரை கூடவே வந்தது வேறொன்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாத அடுக்கு.

என் மனைவி அடுமனையில் வேலை செய்கிறாள். இருபத்திரண்டு வருடங்களாக மாவுக்கு நடுவே கொழுப்பைப் பரப்பி மடித்து, உருட்டி, மறுபடி மடித்து, அடுக்கடுக்காக எழும்பும் பஃப் செய்வது அவள் வேலை. கொழுப்பைப் பற்றி டாக்டரம்மாவை விட அவளுக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கிறேன், விரல் வழியாக.

"நூத்தி அம்பத்திரண்டா? என்னங்க, பஸ் நம்பர் மாதிரி சொல்றீங்க!"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். அன்றைக்கு எங்கள் சமையலறையில் ஒரு விசாரணை நடந்தது. வெண்ணெய், அடுமனையிலிருந்து வந்த கெட்டிக் கொழுப்பு, மூன்று வகை எண்ணெய் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாள்.

"எது உறையுதுன்னு காலையில பாப்போம். உறையறது எல்லாம் வெளிய."

காலையில் கெட்டிக் கொழுப்பு மெழுகுவர்த்தி போல நின்றது. வெண்ணெய் கல். சூரியகாந்தி எண்ணெய் தெளிவாக ஆடியது. ஆலிவ் எண்ணெய் கலங்கி அடியில் கட்டிப்பட்டிருந்தது.

"பாத்தீங்களா, இவ்ளோ நாளா நல்லவன்னு நம்பினோம். உள்ள போனா இவனும் இப்படித்தான் கட்டிக்கிட்டு நிப்பான்."

"உடம்பு குளிர்பெட்டி இல்லையே."

"ஒரு நாளைக்கு நாலு வார்த்த பேசறீங்க. அதுல ஒண்ண இதுக்கா செலவு பண்ணணும்?"

அரை பாட்டில் ஆலிவ் எண்ணெய் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டம்மா காரணம் கேட்கவில்லை. நல்ல பொருள் இலவசமாக வந்தால் யார் கேட்பார்கள்?

பிறகு அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "வெண்ணெய் என் கையில உருகும். பஃபுக்குப் போடற கொழுப்பு உருகாது. உருகாததாலதான் அடுக்கு நிக்குது. அந்த ஓரத் துண்டையெல்லாம் வெட்டி வெட்டி உங்களுக்குத்தானே கொண்டுவந்தேன். இருபத்திரண்டு வருஷம்."

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

"அதான் பயமா இருக்கு."

மறுநாளிலிருந்து பையில் வந்தது வேறு சாப்பாடு. வேகவைத்த மீன், எலுமிச்சை பிழிந்து. வெள்ளைப் பயறும் கீரையும். பொடியாக நறுக்கிய வால்நட். உப்பு இருந்ததா என்று நாக்கு தேடிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்து, பார்த்துவிட்டு, மூடிவிட்டேன்.

அப்போது இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கி பேசியது. "அண்ணே, கீழ நான் ஒரு கோழித் தொடையோட குடும்பம் நடத்திட்டு இருக்கேன். மேல என்ன நிலவரம்?"

சிக்னல்காரனை எல்லாரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தாறு வயது, தனிக்கட்டை. கிரேனுக்கு அவன்தான் கண். கட்டடத்துக்குப் பின்னால் நான் பார்க்க முடியாத இடத்தில் கம்பிக்கட்டை இறக்கும்போது அவன் "இன்னும்... இன்னும்... நிப்பாட்டு" என்று சொல்லும் குரலை நம்பித்தான் நெம்புகோலை அசைப்பேன். ஒரு தடவைகூட அந்தக் குரல் தப்பியதில்லை. வேலை இல்லாத நேரத்தில் அந்தக் குரல் ஓய்ந்ததும் இல்லை.

அவனுக்கும் பரிசோதனையில் 148 வந்திருந்தது. தரையில் வேலை என்பதால் அவனுக்கு விதி தளர்வு. டாக்டரம்மா அவனிடமும் மீன், கொட்டை என்று சொல்ல, "தனியா இருக்கறவனுக்கு யாரு டாக்டர் மீன் வேகவெக்கிறது? மீனே வந்து வெந்துக்கிட்டாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு வந்தவன். மதியத்தில் அவன் சாப்பிடுவது வாசலில் பொரித்த கோழி விற்கும் வண்டியில். அந்த வாணலியின் எண்ணெய் கறுப்பு. அதை மாற்றி யாரும் பார்த்ததில்லை, மேலே மேலே ஊற்றுவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

"உனக்கு வேணுமா, என் பை?" என்று கேட்டேன்.

கொஞ்சநேரம் வாக்கி-டாக்கியில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. "வீட்டுச் சாப்பாடா அண்ணே?" என்றான்.

வாளி இறங்கியது. திரும்பி ஏறியபோது அதில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது, அடியில் எண்ணெய் ஊறி, சூடாக. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சொல் பேசாமல் தின்றேன். அறுபது மீட்டர் உயரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

மறுநாளும். அதற்கடுத்த நாளும். வாளி மேலே வரும்போதே இப்போது காகிதப் பொட்டலம்தான் வந்தது. மாலையில் அவன் கழுவித் துடைத்த டப்பாவை என் பையில் வைத்துக் கொடுப்பான். வீட்டில் காலையும் இரவும் அவள் கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன். ஒரு வேளைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு, வருடக்கணக்கில் யாரும் அவனுக்குக் கட்டிக் கொடுக்காத சாப்பாட்டை ஒருவன் சாப்பிடுகிறான், அதைத் தடுக்க நான் யார் என்றும் சொல்லிக்கொண்டேன். தப்புக்கு நல்ல சட்டை போட்டுவிட எனக்குத் தெரியும். நிறையப் படித்தவர்களுக்கு வரும் நோய் அது.

என் மனைவி அளக்கும் கருவி ஒன்று வாங்கினாள். அதோடு வந்த புத்தகத்தில், அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும் என்று இருந்தது. எனக்கு அது ஒன்றுமே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசலாம் என்றும் இருந்தது, ஆனால் அவள் பேசினால் நான் பதில் சொல்லிவிடுவேனோ என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஐந்து நிமிடமும் அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு தானாக அசையும். எனக்கு அவளைப் பார்க்கச் சிரிப்பு வரும். சிரித்தால் ஏறிவிடும் என்று அதட்டுவதற்குக்கூட அவளால் முடியாது.

152. அடுத்த ஞாயிறு 150. அதற்கடுத்தது 151. அடுமனைச் சீட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்தாள்.

"ஒரு புள்ளி குறைஞ்சு ஒரு புள்ளி ஏறுது. என்னங்க இது, ஊஞ்சலா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பது எனக்கு எப்போதுமே சுலபம்.

நான்காவது ஞாயிறும் 151. அதற்குப் பிறகு அவள் அடுமனையிலிருந்து ரொட்டிகூடக் கொண்டுவரவில்லை. மாவு மடிக்கும் மேசையிலிருந்து ரொட்டிப் பக்கம் மாற்றித் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறாள் என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது. "எதுக்கு?" என்றேன். "சும்மாதான், கை வலிக்குது" என்றாள். அவள் கை வலிப்பதாக இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஐந்தாவது வாரம் டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். கையில் சீட்டுகள். ஏன் குறையவில்லை என்று நேரிலேயே கேட்டுவிட வேண்டும் அவளுக்கு. தகரப் பெட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ரேடியோ இருந்தான். அவனுக்கும் அன்றுதான் முறை. அதை நான் யோசிக்கவே இல்லை.

கதவு திறந்தது. அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது. பின்னாலேயே டாக்டரம்மா. "உள்ள வாங்க, ரெண்டு பேரும். இவரைப் பாருங்க. நூத்தி நாப்பத்தெட்டுல இருந்து நூத்தி முப்பத்தாறு. ஒரு மாத்திரை கிடையாது. என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லுங்க, இவரும் கேட்டுக்கட்டும்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. பாராட்டு வாங்கும் மனிதன் பக்கத்தில் பார்ப்பதில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெடுத்தது என்னை.

"என்ன டாக்டர், பெரிய ரகசியமா? மதியச் சாப்பாடுதான் மாறிச்சு. திங்கக்கெழம மீன், எலுமிச்சையோட. செவ்வாக்கெழம வெள்ளப் பயறு, மேல வால்நட்ட பொடிசா நறுக்கிப் போட்டு. அந்த வால்நட்ட வெறும் சட்டியில லேசா வறுத்திருப்பாங்க பாருங்க, அங்கதான் இருக்கு கைவண்ணம். புதன்கெழம கீரையும் முட்டையும். உப்பு கம்மிதான், ஆனா எள்ளு தூவி இருக்கும், அதுல உப்பே மறந்துடும். வியாழக்கெழம..."

வியாழக்கிழமையில் அவன் நின்றான். என் மனைவியைப் பார்த்துவிட்டான்.

அவள் கையிலிருந்த சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் சரியாக, அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கெழம மறுபடி மீன், தம்பி" என்றாள் மெதுவாக. "மிளகு போட்டது."

"ஆமா அண்ணி" என்றான் அவன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அந்த அறையில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை. டாக்டரம்மா ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகத்துக்குப் பார்த்தார். விவரம் கேட்கவில்லை. என் கையில் பட்டையைச் சுற்றினார். 150, 94. "எதுவும் மாறல" என்றார். "மூணு வாரம் இருக்கு." போகும்போது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள், ஆலிவ் எண்ணெய் குளிரில் உறைகிறதே, அது கெட்டதா என்று. "ஐயோ, இல்லம்மா, அது நல்ல எண்ணெய். குளிர்ல கொஞ்சம் கலங்கறது அதோட குணம். உடம்புச் சூட்டுல அப்படி ஆகாது" என்றார் டாக்டரம்மா. "சரிங்க" என்றாள்.

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பேசவில்லை. வீட்டுக்கு வந்து சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். பேசவில்லை. மறுநாள் காலை என் பையை வாசலருகே வைத்தாள். பேசவில்லை.

அமைதியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தபோது கீழே நகரம் முழுவதும் வழக்கம்போல முணுமுணுத்தது. புத்தகத்தைத் திறந்து ஒரே வரியை ஐந்து தடவை படித்தேன். நான் விரும்பிய அமைதி எல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்ததால் கிடைத்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் ஒருத்தி எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், அதனால்தான் நான் பேசாமல் இருக்க முடிந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாத அடுக்கு நான்தான். சுவர் இறுகிப்போய் நின்றது அவள் பக்கம்.

பன்னிரண்டு மணிக்கு வாளியை இறக்கினேன். என் பைதான் வந்தது. வாக்கி-டாக்கியில் ரேடியோ, "அண்ணே, இனிமே பொட்டலம் கேட்டு என்னைக் கொல்லாதீங்க. அண்ணி மூஞ்சிய என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது" என்றான். பிறகு, "என் வாயத் தைக்கணும்" என்றான்.

"தைக்க வேண்டாம்" என்றேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று பேசினேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான். மூன்றாம் நாளிலிருந்து நடந்ததைச் சொன்னேன். கோழித் தொடையை, கறுத்த எண்ணெயை, கழுவிய டப்பாவை. கூண்டு போய்விடும் என்ற பயம் அவளை விட எனக்குத்தான் அதிகம், ஆனாலும் தின்றேன், அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை என்றேன். அவள் கை மேல் தப்பு இல்லை என்றேன். ரொட்டிப் பக்கம் மாற வேண்டாம் என்றேன்.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வாரம்" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்த நம்பரப் பாத்துட்டு என் கையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மாவு தொடும்போதெல்லாம் இதுதான் உங்களுக்கு வெஷம் வெச்சுதுன்னு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்த."

"ஆமா."

அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அந்தத் தம்பிக்கு மீன்ல எலுமிச்சை பிடிக்குதா?" என்று கேட்டாள்.

"பிடிக்குது. கைவண்ணம்னு சொன்னானே."

"உங்களுக்கு?"

யோசித்தேன். பொய் சொல்ல இனி தெம்பு இல்லை. "தெரியல. நான் சரியா சாப்பிட்டே பாக்கல."

ஒரு நொடி என்னை முறைத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஊரான் வீட்டுப் புள்ளைக்கு ரத்தக் கொதிப்பு எறங்கறதுக்கு நான் வால்நட் வறுத்திருக்கேன்!"

மறுநாள் வாசலருகே இரண்டு பைகள் இருந்தன. "ஒண்ணு அவருக்கு. ஒண்ணு உங்களுக்கு. மாறிப் போனாலும் ரெண்டுலயும் ஒண்ணுதான் இருக்கு, தப்பிக்க முடியாது." ஆலிவ் எண்ணெய் புதிதாக ஒரு பாட்டில் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போனதைத் திருப்பிக் கேட்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் வாரம் நாக்கு முரண்டு பிடித்தது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், வறுத்த வால்நட்டின் வாசனை வாளி கூண்டை எட்டுவதற்கு முன்பே வந்துவிட்டது போலத் தோன்றியது. எலுமிச்சை எனக்கும் பிடித்திருந்தது. கோழி வண்டிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கும்போது, "ரெண்டு நல்ல வாடிக்கைய இழந்துட்டேன்" என்று கையை விரித்தார். ஞாயிற்றுக்கிழமை 145 வந்தது. அவள் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் பேசினாள். நான் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கேட்டேன்.

எட்டாவது வாரம் தகரப் பெட்டி அறையில் மூவரும் உட்கார்ந்தோம். டாக்டரம்மா, அவள், நான். ரேடியோ வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டை இறுகியது. தளர்ந்தது. மூன்று முறையும் அளந்தார்.

138. 86.

"மீன் மட்டும் பண்ணல, உப்பும் குறைஞ்சிருக்கு, அந்தக் கறுப்பு எண்ணெயும் நின்னிருக்கு. எல்லாம் சேந்துதான்" என்றார் டாக்டரம்மா. "ரொம்பத் துள்ளாதீங்க. வாசலுக்குத்தான் போயிருக்கீங்க, இன்னும் வீதிக்குப் போகல. மூணு மாசத்துல திரும்ப வரணும். ஏறினா மாத்திரை, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல." பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டார். உயரத்தில் வேலை செய்யலாம்.

ஜன்னலுக்கு வெளியே ரேடியோ கம்பியைத் தட்டிக் கும்மாளம் போட்டான். என் மனைவி அந்த எண்ணை அடுமனைச் சீட்டில் எழுதினாள். எழுதிவிட்டு, சுற்றி ஒரு கோடு போட்டாள். அவள் மாவு மேசையை விட்டு மாறவே இல்லை. ஓரத் துண்டுகள் இப்போது எங்கே போகின்றன என்று நான் கேட்பதில்லை. பக்கத்து வீட்டம்மா ஆலிவ் எண்ணெயோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நல்லது.

அடுத்த திங்கள் அவளுக்கு விடுமுறை. காலை ஆறரைக்கு இரண்டு கைகளும் காலியாக ஏறினேன். பன்னிரண்டு மணிக்கு வாளி வந்தது. மூடியைத் திறக்கும்போது வாக்கி-டாக்கி கரகரத்தது. ரேடியோ குரல் இல்லை.

"என்னங்க, கேக்குதா? வாசல் பக்கமா வந்தேன். சும்மாதான். தம்பி இதக் குடுத்தாரு. அங்க இருந்து நான் தெரியறேனா? கை ஆட்டறேன். பஸ்ல ஒருத்தன் இடமே குடுக்கல. மீன் இன்னிக்கி வேற கடை, முள்ளு இருக்கும், பாத்து. அப்புறம் உங்க அக்கா பேசினாங்க..."

இடையில் ரேடியோவின் குரல் தூரத்தில் கேட்டது. "அண்ணி, அந்த பட்டன விட்டாத்தான் அண்ணன் பேச முடியும்."

"அவரு எங்க பேசப் போறாரு?"

பட்டனை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. கூண்டுக்குள் அமைதியானது. கால்களுக்கு நடுவே கண்ணாடித் தரை வழியே தெரிந்த இரண்டு சின்னத் தலைகள் மேலே பார்த்துக்கொண்டு நின்றன. புத்தகம் சட்டைக்குள்ளேயே இருந்தது.

வாக்கி-டாக்கியை எடுத்தேன். "மீன் நல்லா இருக்கு" என்றேன். பட்டனை விடாமல் கொஞ்சநேரம் யோசித்தேன். "அக்கா என்ன சொன்னாங்க?"